நான் பேசிய பாதி

உளவியல் ஆலோசனைக்கான முதுநிலைப் படிப்பின் மூன்றாம் பருவத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சிப் பணி தந்தார்கள். ஐம்பது நிமிட ஆலோசனைச் சந்திப்பு ஒன்றை, வந்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பிறகு அதை ஒரு சொல் விடாமல் எழுதி எடுக்க வேண்டும். தாளில் நெடுக்காக மூன்று பத்திகள். முதல் பத்தியில் அவர் சொன்னது, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. 'ம்' என்றால் 'ம்' என்றே எழுத வேண்டும். பெருமூச்சு, தொண்டையைச் செருமுவது, நாற்காலியை நகர்த்துவது எல்லாம் வர வேண்டும். மௌனம் வந்தால் அது எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும்.

பத்து நிமிடப் பேச்சை எழுதி எடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஐம்பது நிமிடத்தையும் முடிக்க மூன்று இரவுகள் ஆயின.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் வந்தவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார். நான்கு நொடி மௌனம். உடனே என் குரல்: "சரி, இதைப் பற்றி வேறு யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா?" மூன்றாவது பத்தியில், "அவருக்கு என்ன ஆதரவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்" என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் மேற்பார்வை நேரத்தில், என் பயிற்சியைக் கவனிக்கும் மேடம் அந்த இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். இன்னொரு முறையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த நான்கு நொடி யாருக்குத் தாங்கவில்லை?" என்றார்.

எனக்குத்தான். வேறு பதில் இல்லை. மூன்றாவது பத்தியில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்" என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பத்தியை மட்டும் அப்போதே முழுவதுமாகக் கறுப்பு மையால் அழித்துவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பத்தி வராது. என்னிடம் வந்தவர்கள் சொன்னது எதையும், பெயரை மாற்றியோ ஊரை மாற்றியோகூட, நான் எழுதப்போவதில்லை. நான் பேசிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லப் பார்க்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

'ஆலோசனை' என்ற சொல்லே பலரைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஆலோசனை என்றால் யோசனை சொல்வது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது, "என்னிடம் எல்லோரும் வந்து பிரச்சினைகளைச் சொல்வார்கள், நான் நல்ல தீர்வு சொல்வேன்" என்று எழுதாத மாணவர் அபூர்வம். நானும் அப்படித்தான் எழுதினேன். 'ஆற்றுப்படுத்துதல்' என்று இன்னொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு என்றால் வழி. வழியைக் காட்டலாம், ஆனால் நடக்க வேண்டியவர் வேறொருவர் என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை. ஆற்றுதல் என்றால் தணித்தல் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இலங்கைத் தமிழில் 'உளவளத்துணை' என்கிறார்கள். அதிலுள்ள 'துணை' எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனாலும் வருகிறவர்கள் 'கவுன்சிலிங்' என்றுதான் கேட்டு வருகிறார்கள். சொல் எதுவானாலும் முதல் பருவத்தில் நடப்பது ஒன்றுதான். தீர்வு சொல்லும் பழக்கத்தை நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகிறார்கள்.

அதற்கான கருவி, மூவர் பயிற்சி. ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கையில் தாளோடு கவனிப்பார். பதினைந்து நிமிடம். பேசுபவர் நடிக்கக் கூடாது. தன் வாழ்விலிருந்து உண்மையான ஒன்றை, ஆனால் சிறிய ஒன்றை எடுத்துக்கொண்டு பேச வேண்டும். கவனிப்பவர் கேட்பவரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் வகை பிரித்துக் கோடு போடுவார். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியா, விரிந்த பதிலுக்கு இடம் தரும் கேள்வியா, சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொன்னதா, உணர்வைத் தொட்டதா, அறிவுரையா? இப்படித் திறன்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கும் முறையை ஆலன் ஐவியும் உடன் பணியாற்றியவர்களும் 1960களின் இறுதியில் உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது.

என் முதல் பதினைந்து நிமிடத்தில் கேள்விகள் மட்டும் பதினான்கு. அதில் பதினொன்று ஆம், இல்லை என்று முடிகிறவை. என் தோழி தன் அக்காவோடு நடந்த ஒரு மனத்தாங்கலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். (இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.) ஏழாவது நிமிடத்தில் நான், "நீயே முதலில் பேசிவிட்டால் என்ன?" என்றேன். அவள், "ம்... பார்க்கிறேன்" என்றாள். அந்த நேரத்தில் எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு வழி சொல்லிவிட்டேன், அவளும் ஏற்றுக்கொண்டாள் என்று எண்ணினேன். ஒலிப்பதிவில் கேட்டபோதுதான் தெரிந்தது. 'பார்க்கிறேன்' என்பதற்குப் பிறகு அவள் தானாக எதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்ட ஒருத்தியின் முன்னால் நான் எட்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கேள்விகளை விட்டுவிட்டு, அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். "வருத்தமாக இருக்கிறது என்கிறீர்கள்." "கோபம் வந்தது என்கிறீர்கள்." இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், ஒரு மனிதரிடம் மாற்றம் நிகழத் தேவையான ஆறு நிபந்தனைகளை முன்வைத்தார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, கேட்பவர் தன் உள்ளுணர்வுக்கு உண்மையாக இருத்தல் ஆகிய மூன்றும் அவற்றில் மையமானவை. வகுப்பறைக்கு வந்து சேரும்போது இது, 'கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்' என்று சுருங்கிவிடுகிறது. தன் அணுகுமுறை இப்படி உருச்சிதைந்து பரவியதைக் கண்டு ராஜர்ஸே மனம் நொந்திருக்கிறார். ஒத்துணர்வு வாயில் தொடங்குவதில்லை. அவர் சொன்னது எனக்குள் போய் என்ன செய்தது என்று கவனித்துவிட்டுப் பேசும்போது, அதே சொல்லைத் திருப்பிச் சொன்னாலும் குரல் வேறாக இருக்கிறது. எழுதி எடுத்த தாளில் இந்த வேறுபாடு தெரியாது. ஒலிப்பதிவில்தான் தெரியும்.

ஒலிப்பதிவு என்பதே இந்தத் துறைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்ததுதான். அதற்கு முன்பு, அறைக்குள் என்ன நடந்தது என்பதை அறைக்குள் இருந்தவர் பின்னால் நினைவிலிருந்து எழுதுவார். அதை வைத்துத்தான் கற்றார்கள், கற்பித்தார்கள். 1940களின் தொடக்கத்தில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராஜர்ஸும் அவருடைய மாணவர்களும் சந்திப்புகளை இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டும். அப்படிப் பதிந்ததில் ஒரே மனிதரோடு நடந்த எட்டுச் சந்திப்புகளை 1942இல் வெளியிட்ட நூலில் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். ஒரு சிகிச்சை முழுவதும் அப்படி அச்சில் வந்தது அதுவே முதல்முறை. அந்தக் குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் கோவ்னர் ஒலிப்பதிவுகளையும் ஆலோசகர்கள் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பேச்சின் பெரும்பகுதி குறிப்புகளில் இல்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. மனம் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்கிறது. என் நான்கு நொடியும் அப்படித்தான். நினைவிலிருந்து எழுதியிருந்தால் அது தாளுக்கே வந்திருக்காது.

மூன்றாவது பத்திக்கும் இதில் ஒரு உறவு உண்டு. 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன், பதிவுசெய்த சந்திப்பை அதில் பேசியவருக்கே ஓடவிட்டு, எந்த இடத்தில் நினைவு கிளம்புகிறதோ அங்கே நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர் கற்பிக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. "அப்போது என்ன நினைத்தீர்கள்? அவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பதாகத் தோன்றியது? எதைச் சொல்லாமல் விட்டீர்கள்?" என்று கேட்க மட்டும் செய்யலாம். சந்திப்பின்போது நமக்குள் மின்னி மறைந்த நூறு விஷயங்கள் அந்தக் கேள்விகளில் திரும்பி வருகின்றன. 'சொல்லாமல் விட்டது என்ன' என்ற கேள்வியில்தான் நான் அதிகம் கற்றேன்.

பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். உளவியல் கோட்பாடுகள், மனநலக் கோளாறுகளும் அவற்றை இனம் காண்பதும், அளவீட்டுக் கருவிகள், வளர்ச்சிப் பருவங்கள், குழு ஆலோசனை, அறநெறி, ஆய்வு முறை, புள்ளியியல். கடைசி இரண்டைக் கண்டு எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். மனிதர்களோடு பேச வந்த எனக்கு எதற்கு எண்கள் என்று கேட்கிறார்கள். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் அறிவியலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. 1973இல் வேல் (Vail) நகரில் கூடிய மாநாடு, ஆய்வைவிடச் சிகிச்சைத் தொழிலுக்கு முதன்மை தரும் பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. அந்த இழுபறி இன்னும் முடியவில்லை. நான் போல்டர் பக்கம்தான் நிற்கிறேன். பெரும் துயரம் ஒன்று நிகழ்ந்த உடனே, அதில் சிக்கியவர்களை ஒரே ஒரு அமர்வில் உட்காரவைத்து நடந்ததை விலாவாரியாகப் பேசவைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். நல்லெண்ணத்தோடு செய்தார்கள். வந்தவர்களும் நன்றி சொன்னார்கள். அப்படிப் பேசவைக்கப்படாத கட்டுப்பாட்டுக் குழுக்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அது பிற்காலத்தில் வரும் மனவடு நோயைத் தடுக்கவில்லை என்றும், சில ஆய்வுகளில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள் என்றும் தெரிந்தது. நன்றி சொன்ன முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் தெரிந்திருக்காது. புள்ளியியல் வகுப்பில் தூங்கும் மாணவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஒரு வகுப்பைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் வகுப்பு. ஆசிரியர் எங்களை இருவர் இருவராக உட்காரவைத்தார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருகிறதா?" என்று பத்து முறை கேட்கச் சொன்னார். முதல் முறை என் குரல் பாதியில் தேய்ந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர், "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். ஆசிரியர் வகுப்பையே நிறுத்திவிட்டார். "இந்தக் கேள்வி எந்தப் பதிலைக் கேட்கிறது?" என்றார். 'இல்லையே' என்று முடியும் கேள்வி 'இல்லை' என்ற பதிலைக் கெஞ்சிக் கேட்கிறது. கேட்பவருக்குப் பயமாக இருக்கிறது, உண்மையைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதே என்று அது எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிடுகிறது. 'தப்பான' என்ற சொல் அதற்கு மேல். ஏற்கெனவே தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொண்டிருப்பவர் அதற்கு எப்படி 'ஆம்' என்பார்?

நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவராவது கேட்டாரே என்று பலருக்கு மனம் இலேசாகிறது. கேட்ட பிறகு செய்ய வேண்டியவற்றுக்கும் பயிற்சி உண்டு. பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை, வந்தவரோடு சேர்ந்து, அவருடைய சொற்களிலேயே எழுதப் பழகினோம். நெருக்கடி நெருங்குவதை எந்த அறிகுறியில் உணர்வீர்கள், தனியாக என்ன செய்தால் அந்த நேரம் கடக்கும், யாரோடு இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணை அழைக்கலாம், சுற்றியிருக்கும் இடத்தை எப்படிப் பாதுகாப்பானதாக ஆக்கலாம் என்று அது படிப்படியாகப் போகிறது. அந்த வகுப்புக்கு ஏழு மாதங்கள் கழித்து, அந்தக் கேள்வியை உண்மையிலேயே கேட்க வேண்டிய நாள் எனக்கு வந்தது. குரல் தேயவில்லை. என் பாதியில் நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இரகசியம் காப்பதன் எல்லைகளையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாரசாஃப் வழக்கில் அளித்த தீர்ப்பு எல்லா அறநெறி வகுப்புகளிலும் வருகிறது. வந்தவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று சிகிச்சையாளருக்குத் தெரிந்தால், அந்த மூன்றாம் மனிதரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்பது அதன் சாரம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எதை வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் நேர்மை எங்கும் ஒன்றுதான். பயிற்சி மாணவர் கூடுதலாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "நான் இன்னும் மாணவி. நீங்கள் சொல்வதை என் மேற்பார்வையாளரும் கேட்பார்." இதைச் சொல்லக் கூச்சப்பட்ட நண்பர்களை எனக்குத் தெரியும். கூச்சப்படத் தேவையில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசும் உரிமை வந்தவருக்கு இருக்கிறது.

மேற்பார்வை என்ற சொல், மேலே நின்று வேலை வாங்குபவரை நினைவுபடுத்துகிறது. இங்கே அது வேறு. அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேக்ரெப் அமைப்பின் தரத்தைப் பார்த்தால் தெரியும். முதலில் 100 மணி நேரப் பயிற்சி, அதில் நேரடியாக மனிதர்களோடு 40 மணி. பிறகு 600 மணி நேரப் பணிப்பயிற்சி, அதில் நேரடியாக 240 மணி. பாதிக்கும் குறைவு. மீதி நேரம் குறிப்பு எழுதுவதிலும், ஒலிப்பதிவு கேட்பதிலும், வாரந்தோறும் மேற்பார்வையிலும் போகிறது. நேரடி மணிகளை மட்டும் எண்ணி வேகமாக முடிக்கத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்பார்வை இல்லாத நூறு மணி நேரம், ஒரே தவறை நூறு முறை செய்து பழகுவதற்குத்தான் உதவும்.

நல்ல மேற்பார்வையாளர் சில நேரம் ஆசிரியர், சில நேரம் ஆலோசகர், சில நேரம் கூட யோசிக்கும் சக பணியாளர் என்று 1979இல் ஜேனின் பெர்னார்ட் வகைப்படுத்தினார். மேடத்திடம் மூவரையும் பார்த்தேன். ஒரு வாரம் நான் மிகவும் நிலைகுலைந்து போயிருந்தேன். கதவைத் திறந்த வேகத்தில், "நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அந்த மௌனம் நான்கு நொடியைவிட மிக நீளம். எனக்குக் கண்ணீர் வந்தது, பிறகு பேச்சும் வந்தது. பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வாரம் முழுவதும் என்னிடம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியை, அதே குரலில், நான் மேடத்திடம் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஆலோசனை அறையில் நடப்பது மேற்பார்வை அறையில் எதிரொலிப்பதை ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955லேயே எழுதியிருக்கிறார். படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அதை அனுபவித்த நாளில்தான், மௌனமாக இருப்பவரின் முன்னால் பேசுவது எப்படி இருக்கும் என்பது உள்ளிருந்து தெரிந்தது.

எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. என் இரண்டாவது பயிற்சியிடத்தில் வாரம் ஒரு மணி நேர மேற்பார்வை என்று பதிவேட்டில் இருந்தது. நடந்தது மாதம் ஒருமுறை, அதுவும் கதவருகே நின்றபடி பத்து நிமிடம். மாதக் கடைசியில் நான்கு மணி நேரத்துக்கும் கையெழுத்து வந்துவிடும். நானும் எதிர்க்கையெழுத்துப் போட்டேன். பட்டம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். அந்த நான்கு மாதங்களில் என்னிடம் வந்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சம்பளமில்லாத பயிற்சி நேரம் மாணவரின் உழைப்பைச் சுரண்டுகிறது என்று இப்போது பரவலாகப் பேசுகிறார்கள். சரியான பேச்சு. ஆனால் நடக்காத மேற்பார்வைக்குப் போடும் கையெழுத்தில் பாதிக்கப்படுபவர் மாணவர் மட்டும் அல்ல. வந்து உட்கார்ந்தவரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. படிப்பில் சேரும் முன் கட்டணத்தைக் கேளுங்கள், வேலைவாய்ப்பைக் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், மேற்பார்வை யார் தருவார்கள், என் ஒலிப்பதிவை உட்கார்ந்து கேட்பார்களா என்று கேளுங்கள்.

மாணவர் தானும் சிகிச்சை பெற வேண்டுமா என்பது பழைய வழக்கு. 1920இல் தொடங்கிய பெர்லின் உளப்பகுப்பாய்வு நிறுவனம், தன்னைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்வது, கோட்பாட்டுப் படிப்பு, மேற்பார்வையோடு சிகிச்சை தருவது என்ற மூன்றையும் பயிற்சியின் தூண்களாக்கியது. இன்று சில படிப்புகள் முதலாவதைக் கட்டாயமாக்குகின்றன, பல விட்டுவிடுகின்றன. கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தவித்தவருக்குத்தான், எதிரில் இருப்பவரின் முதல் வாக்கியம் எவ்வளவு கனம் என்று தெரியும்.

இப்போது நான் மேற்பார்வை தரும் பக்கத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி ஒலிப்பதிவும் மூன்று பத்தித் தாளும் கொண்டுவந்தார். அவர் சம்மதத்தோடு, அவர் பாதியை மட்டும் எழுதுகிறேன். முப்பத்தோராவது நிமிடத்தில் எதிரில் பேசிக்கொண்டிருந்த குரல் நின்றுபோகிறது. மாணவி மூச்சை இழுப்பது கேட்கிறது. ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நாற்காலி ஒருமுறை கிரீச்சிடுகிறது. தொலைவில் ஒரு கதவு மூடும் ஓசை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நொடி. பிறகு அந்த இன்னொரு குரல், முன்பைவிடத் தாழ்ந்து, பேசத் தொடங்குகிறது.

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தேன். இரண்டாவது பத்தி அந்த இடத்தில் காலியாக இருந்தது. மூன்றாவதில் பென்சிலால் எழுதியிருந்தார்: "பயமாக இருந்தது. மேஜைக்குக் கீழே கையைக் கோத்துக்கொண்டேன். காத்திருந்தேன்."